கம்பத்துப் பெட்டியிலிருந்து ஒரு நகல்

கிருபாவதிக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் சும்மா இருக்காது. ராயப்பன்பட்டி மாதா கோயிலில் பூசை நடக்கும்போதே, "சாமியாரு ஏம்மா அங்கிட்டுத் திரும்பிக்கிறாக?" என்று கேட்டுத் தொடையில் கிள்ளு வாங்கியவள். பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். எத்தனை கேட்டாலும் முகம் சுளிக்காத ஒன்றை அவள் கண்டது, தேனி அல்லிநகரத்தில் ஓர் ஏலக்காய்க் கம்பெனிக்கு பில் போடும் வேலைக்கு வந்த பிறகு. அது மனுஷ ஜாதி இல்லை. சுவர் அலமாரியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த ரவுட்டர்.

கம்பெனிக்குக் கம்பத்தில் ஒரு குடோன் இருந்தது. அங்கே எடை போடுகிற காயின் கணக்கு உடனுக்குடன் தேனிக்கு வந்து சேர, இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி ரவுட்டர்ப் பெட்டி ஒவ்வொன்று. அதை மாட்ட மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் கருப்புத் திரையில் தட்டிக்கொண்டிருந்தபோது, கிருபாவதி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். ஒரு கேள்விக்குறியைத் தட்டினால் போதும், தனக்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் பெட்டி வரிசையாக ஒப்பித்தது. மறுபடி தட்டினால் அலுக்காமல் மறுபடி ஒப்பித்தது. அவளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

முதலாளி பாண்டீஸ்வரன் கறார்ப் பேர்வழி. "பாத்துக்கிட்டு மட்டும் இரு. எதையாச்சும் மாத்தினேன்னு தெரிஞ்சது, மறுநா இங்கன வராத" என்று சொல்லிவிட்டுத்தான் அவளை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் விட்டார்.

ஊருக்கு ஊர் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திய வருடம் அது. கம்பத்தில் மதியம் பன்னிரண்டுக்குப் போய் இரண்டுக்கு வரும். இரண்டுக்குத் தேனியில் போகும்.

ஒருநாள் காலை கிருபாவதிக்கு ஒரு யோசனை ஓடியது. பெட்டி கண் விழிப்பதே அதற்குள் இருக்கும் ஒரே ஒரு கோப்பைப் படித்துத்தான். அது கெட்டுப்போனால் என்ன ஆகும்? கம்பத்துப் பெட்டியிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து ஒரு நகலைக் கொண்டுவந்து இங்கே பக்கத்தில் வைத்துக்கொண்டால் என்ன? நகல் எடுப்பது மாற்றுவது ஆகாதே என்று தனக்குத் தானே வக்கீலாகவும் பேசிக்கொண்டாள். கட்டளையைத் தட்டினாள். எங்கிருந்து, எந்தக் கோப்பு, என்ன பெயர் என்று பெட்டி கேட்கக் கேட்கச் சொன்னாள். கடைசியாக அது இன்னொன்றும் கேட்டது. கை ஓடிய வேகத்தில் என்டரைத் தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் படித்தாள். இங்கே இருப்பதை முதலில் அழித்துவிடட்டுமா என்று கேட்டிருந்தது.

பெட்டியில் இருந்த கோப்பு போய்விட்டது. ஆனாலும் அழிந்த கையோடு கம்பத்திலிருந்து நகல் வர ஆரம்பித்தது. வந்து சேரும் ஒவ்வொரு கொத்துக்கும் திரையில் ஓர் ஆச்சரியக்குறி விழும். குறிகள் ஓடின, அவளுக்கும் மூச்சு வந்தது. பன்னிரண்டுக்குச் சில நிமிஷங்கள் இருக்கும்போது, பாதி தூரத்தில் குறிகள் நின்று, வெறும் புள்ளிகளாக விழுந்தன. கடைசியில் அதுவும் நின்றுபோனது.

கம்பத்துக் குடோனைப் பார்த்துக்கொள்ளும் சேக் பரீத்தின் வழக்கம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வந்த மின்சாரம் ஒருதரம் ஓங்கி அடித்து வீட்டு பிரிட்ஜைப் பலி வாங்கியதிலிருந்து, மின்வெட்டுக்குக் கொஞ்சம் முன்பே மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்.

தேனிப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, விழித்தபோது படித்தது நினைவில் இருக்கிற தைரியத்தில். இரண்டு மணிக்கு மின்சாரம் போனால் அந்த நினைவும் போகும். இங்கே இருந்த யூபிஎஸ் பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. இன்ஜினியரின் செல் அணைந்திருந்தது. அவள் கம்பத்துக்குப் போன் போட்டாள்.

"பாய், யூபிஎஸ் ஓடுதா?"

"அதையும் அணைச்சு வச்சிருக்கேன் ஆத்தா. மலை மேட்டுல இருந்து காய் வந்து நிக்கிது. தராசுக்கு பேட்டரி வேணும்ல?"

"தராசைக் கழட்டிட்டு ரவுட்டருக்கும் மோடத்துக்கும் மட்டும் குடுங்க பாய்."

"எதுக்கு?"

லைன் சோதனை என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை.

"இங்கன உள்ளதை நான் அழிச்சிட்டேன் பாய். ரெண்டு மணிக்குள்ள உங்க பெட்டியில இருந்து எடுக்கலைன்னா லைனே செத்துரும். முதலாளிக்குத் தெரிஞ்சா என்னைய நிப்பாட்டிருவாக."

மறுமுனையில் காய் கொண்டுவந்த யாரோ மலையாளத்தில் சலித்துக்கொள்வது கேட்டது.

"சரி, இவுகளுக்கு டீ சொல்லிட்டுப் போடுறேன்" என்றார் பரீத்.

இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். குறிகள் விழத் தொடங்கின. அத்தனை பயத்திலும் அவள் புத்தி சும்மா இருந்ததா? உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாம் தாண்டி இத்தனை தூரம் வருகிறதே, வர வர அங்கே ஒன்றும் குறையவில்லையே, இது என்ன மாதிரிப் பண்டம் என்று வியந்துகொண்டிருந்தாள். முழுக் கோப்பும் பழுதில்லாமல் வந்துவிட்டதாகப் பெட்டி சொன்னபோது மணி ஒன்றுகூட ஆகவில்லை. இரண்டுக்குப் பெட்டி அணைந்தது. நான்குக்கு மின்சாரம் வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தது.

ஐந்து மணிக்கு முதலாளி தன் அறையில் போனில் கத்துவது கேட்டது. எடை போடாமல் காக்க வைத்தார்கள் என்று காய்க்காரர்கள் அவரிடம் முறையிட்டிருக்கிறார்கள்.

"யூபிஎஸ்ஸ போட மறந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இல்ல பாய் உமக்கு? இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுதான் லட்சணமா?"

கிருபாவதி பில் போடுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள். பேசாமல் இருந்தால் வேலை தப்பும். அவள் உள்ளே போய் நின்றாள்.

"பாய் மேல தப்பில்ல முதலாளி. எனக்காகச் சொல்றாக. பெட்டியில உள்ளதை அழிச்சது நான்."

அவர் போனை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"கம்பத்துப் பெட்டியும் போயிருந்தா?"

"ஒண்ணுமே இருந்திருக்காது முதலாளி. நம்மகிட்ட வேற நகலே கிடையாது."

"இத்தனை நாளா இப்படியா ஓட்டிக்கிட்டு இருந்தோம்?"

பாண்டீஸ்வரன் எழுந்து வந்து அலமாரி முன்னால் நின்றார். அந்தப் பெட்டியை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

"ரெண்டு பெட்டியில உள்ளதையும் ஒன் கம்ப்யூட்டர்ல எடுத்து வை. இப்பவே. நானும் பாக்குறேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலாளி ஒரு நாற்காலியை இழுத்து அவள் பின்னால் போட்டுக்கொண்டு, கம்பத்துக்குப் போன் போட்டார்.

"பாய், வைஞ்சதை மனசுல வச்சுக்கிறாதீக. பிள்ளை காப்பி எடுக்குது. மெயின்ல மட்டும் கை வச்சிராதீக."