மெஷினில் ஓட்டிய மயில் ஸ்டாம்பு

செக்கிங் டேபிளில் பனியன் துணியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். வரிசையாக ஊசித் துளைகள். உடனே கவிதாவின் ஸ்டாம்பு ஆல்பம் கண்முன் வந்துவிட்டது.

ஆறாம் வகுப்பில் கவிதா என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் அப்பா எக்ஸ்போர்ட் ஆபீசிலிருந்து வெளிநாட்டு ஸ்டாம்புகளைக் கொண்டுவருவார். யாரும் திருடாமலிருக்க, அந்த நாட்டுக் கம்பெனிகள் அவற்றில் தங்கள் பெயரெழுத்தைப் பொடித் துளைகளாகக் குத்தியிருக்கும். வெயிலில் பிடித்தால் எழுத்து மின்னும். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அம்மாவின் தையல் மெஷினில் நூலை உருவிவிட்டு, என்னிடமிருந்த ஒரே மயில் ஸ்டாம்பில் என் பெயரின் முதல் எழுத்தை ஓட்டினேன். பள்ளியில் பெருமையாகக் காட்டினேன். கவிதா அதைத் திருப்பித் தடவினாள்.

"இது உங்கம்மா மெஷின்ல ஓட்டுனது புள்ள. பின்னாடி சொரசொரன்னு இருக்குது பாரு."

அவமானத்தில் ஸ்டாம்பை அவள் மேலேயே வீசிவிட்டு ஓடினேன்.

இப்போதும் வேலம்பாளையத்தில் அவள் வீட்டுக்குப் போனால் ஆல்பத்தை விரிப்பாள். முதல் பக்கத்தில் என் மயில்.

"மத்ததெல்லாம் தேடுனா கெடைக்கும் புள்ள. இதாட்ட இன்னொண்ணு ஒலகத்துலயே கெடையாது" என்பாள்.

துளை விழுந்த துணியை ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன். நான் ஓட்டிய அந்த ஒரே ஸ்டாம்பும் அவளிடம்தானே இருக்கிறது!