வளைந்த நடையில் மாட்டிய அலமாரி

அந்தத் தச்சருக்கு அப்பா அம்மா வைத்த பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. 'அங்குலம்' என்றால்தான் தெரியும். கட்டிலோ அலமாரியோ, அது போகப்போகிற வீட்டின் வாசலையும் உள்ளே போகிற நடையையும் நாடா வைத்து அளக்காமல் உளியைத் தொடமாட்டார். முப்பது வருடத்தில் அவர் செய்த சாமான் எதுவும் வாசலோடு திரும்பியதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு; இருந்தால்தான் என்ன?

அப்பேர்ப்பட்டவர் செய்த தேக்கு அலமாரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் மகள் வாழப்போன வீட்டு நடையில் மாட்டிக்கொண்டது.

அங்குலத்தின் தெருவில் வீடுகள் ரயில்பெட்டி மாதிரி. முன்வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். யானையையே நேராக ஓட்டிவிடலாம். மகள் இருந்த தெருவில் கட்டுமானமே வேறு. தெருவில் போகிறவன் கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியக்கூடாதென்று, நடையை ஒரு திருப்பு திருப்பித்தான் முற்றத்துக்கு விடுவார்கள். அந்தத் திருப்பில் அலமாரி அடம்பிடித்து நின்றது.

வாய்க்குப் பேர்போன சம்பந்தியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சம்பந்தி, அங்குலம் எங்க போச்சு?"

அங்குலத்துக்கு வியர்த்துக் கொட்டியது. தன் பேர் போனால் போகிறது, மகள் இந்த வீட்டில் தலைகுனியக் கூடாதே என்று தவித்தார்.

மகள்தான் வழி சொன்னாள். "ஏம்ப்பா சுவரோட மல்லுக்கட்டுறீங்க? வீட்டுக்கு நடுவுல வானம் இருக்கே!"

அலமாரியைத் தெருவுக்கு இழுத்து, கயிறு கட்டி மொட்டைமாடிக்கு ஏற்றி, அந்தப்பக்கம் முற்றத்துக்குள் இறக்கினார்கள். கயிற்றில் மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டார் நாலு பேரும். கீழே நின்று அதிகாரம் பண்ணியது சம்பந்தியம்மா. ஒரு கீறல் விழவில்லை. முற்றத்தை ஒட்டியிருந்த மகளின் அறைக்குள் அது நல்ல பிள்ளையாக நுழைந்தது.

மூச்சு வாங்கி முடித்ததும் மகள் கேட்டாள். "ஊரு வீட்டையெல்லாம் அளக்குறீங்க. என் வீட்டை மட்டும் ஏம்ப்பா அளக்கல?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அளந்தேம்மா. நம்ம வீட்டு வாசலை அளந்தேன். உன் வீடுன்னதும் கை அங்கதான் போச்சு."

சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்ப வாரம் ஒருதரம் வந்து இந்த வீட்டையும் அளந்து பழகுங்க, சம்பந்தி. சாப்பாட்டு நேரமா பாத்து வாங்க."