அமலதாஸ் தனியாகப் பாடிய கேசட்

திருவெறும்பூரில் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தவர், "அமலதாஸ் போயிட்டாருங்க" என்றார். "எந்த அமலதாஸ்?" என்று கேட்டேன். பல வருஷம் அவர் பாட, பக்கத்தில் உட்கார்ந்து டோலக் வாசித்தவன் நான். அப்படிக் கேட்ட வாயை என்ன செய்வது?

அவர் யார் என்று நம் பாட்டுக் குழுவில் இருந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணச்சநல்லூர் மில்களில் நெல் காயப்போடும் பெண்களின் பாட்டைக் கேட்டு வந்து அதற்கு எலெக்ட்ரிக் கித்தார் வாசித்தவர். மாதா கோவில் திருவிழாவில் முதலில் முகம் சுளித்தவர்கள் மூன்றாவது பாட்டுக்கு எழுந்து நின்றார்கள். "அந்தப் பாட்டுலயே கரண்ட் இருக்கு வரதா, நான் ஒயர் மட்டும்தான் குடுக்கிறேன்" என்பார்.

கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டுதான் கேட்கிறார்கள் என்று அவரை நாம்தான் குழுவிலிருந்து ஓரங்கட்டினோம். 'நாம்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அன்று மேடையில் இருந்த யாரும் நழுவ வேண்டாம்.

எண்பதுகளில் ஒரு நாள் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தார். "மறுபடி பாடப் போறேன். கேசட்டா போடுறேன். நீ வாசிக்கணும்." தலையாட்டினேன். அதை நம்பி கேசட் அட்டையை முதலிலேயே அச்சடித்துவிட்டார். பதிவு நாளன்று நான் ஒரு வரவேற்புக்கு வாசிக்கப் போய்விட்டேன். வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. பிறகு அவரே கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "தனியாத்தான் பாடினேன். அட்டையில இருக்கிற உன் பேரை அழிக்க மனசு வரல."

ஒரு மாதம் கழித்து காந்தி மார்க்கெட்டில் பார்த்தபோது, "கேட்டியா?" என்றார்.

"பிரமாதம்."

"எந்தப் பாட்டு?"

"எல்லாமே."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கப் போனார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

நான் அதைப் போட்டே பார்க்கவில்லை. யாரும் மேலே பதிவு செய்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் முனைகளை அவர் உடைத்துத்தான் கொடுத்திருந்தார். அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது நமக்கெல்லாம் தெரிந்த வித்தை. என் மகள் நிச்சயதார்த்த நாதஸ்வரத்தைப் பதிய அன்று வேறு கேசட் கைக்கு அகப்படவில்லை.

அவர் இறந்த முப்பதாம் நாள் பூசைக்குப் பின் மண்டபத்தில் ஒவ்வொருவராக எழுந்து அந்தக் கேசட்டைப் புகழ்ந்தோம். ஒரு பாட்டுப் போடலாமே என்று யாரோ சொன்னார்கள். ஒருவரிடமும் இல்லை. எல்லோர் வீட்டிலும் செல்லோ டேப் இருந்திருக்கிறது.

அவர் மனைவி ஜெயமேரியிடம் போய்க் கேட்டேன்.

"இருக்குங்க. குடுக்க மாட்டேன். அதுலயும் எதையாவது பதிஞ்சிடுவீங்க" என்றார். பிறகு, "உங்க டோலக் வர வேண்டிய எடத்துல எல்லாம் கித்தார் பலகையிலயே தட்டியிருக்காரு. அட்டையில உங்க பேரு இருக்கேன்னு. நீங்க கேட்டீங்கதானே?" என்றார்.

"கேட்டேன்" என்றேன்.

அமலதாஸ் வைத்துவிட்டுப் போனதில் என்னிடம் மிச்சமிருப்பது அந்த அட்டைதான். 'டோலக்: வரதன்' என்று அதில் அச்சாகியிருக்கிறது. அந்தத் தாளம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.