வேப்பெண்ணெயைத் துடைத்த கை

என் மகன் பிழைக்க மாட்டான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன், தாய்மார்களே. மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டம் முடிந்த புரட்டாசி மாதம் அது. கைக்குழந்தை. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை.

லாரி ஓட்டும் என் கணவர் சிங்கப்பூர் போயிருந்தார். ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனில் காஜா பேராங்குக்குக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. வீட்டுக்கார அம்மா செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துபோன சனம். நெற்றியில் திருநீறு, வீடு நிறைய சாமி படம், வாயைத் திறந்தால் மட்டும் மலாய். எனக்குத் தெரிந்த மலாயோ மீன் வாங்கத்தான் போதும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

அந்த அம்மா என்னை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் லீவில் வந்து நடத்துவது. ஒரு சீனப் பெண் மலாயில் ஏதேதோ கேட்டாள். பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மருந்து தந்தாள். பிள்ளை இன்னும் வாடினான். அழக்கூடத் தெம்பில்லை.

ஊமை கண்ட கனவாக என் துயரம் எனக்குள்ளேயே கிடந்தது. நாலு சுவரும் என்னை நெருக்கின. அம்மன் படத்தின் முன் விழுந்து கதறினேன்.

"தாயே, என் பாஷ தெரிஞ்ச ஒருத்தர அனுப்பு."

மறுநாள் வாசலில் அதே சீனப் பெண். வீட்டுக்கார அம்மா அழைத்து வந்திருந்தார். இவளா என்று எனக்குக் கோபமே வந்தது. இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

"காசி சூசு," என்றாள். பால் கொடு என்பது எனக்கும் புரிந்தது. பிள்ளை வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டான்.

தாய்ப்பால்தான் வயிற்றுக்கு ஆகவில்லை என்று, பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் செய்வோம். அவள் தொட்டு முகர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. வெந்நீரில் துணி நனைத்து, கூடப் பிறந்தவள் போல அவளே துடைத்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் உடைந்து அழுதேன். பிள்ளை குடித்தான்.

வீட்டுக்கார அம்மா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து ஊட்டினார். பொழுது சாய்வதற்குள் என் மகன் குரலெடுத்து அழுதான். அதைக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். நானும் மலாய் கற்றுக்கொண்டேன். கிளினிக் நாளில் அங்கே போய் உட்காருவேன். சும்மா தலையாட்டும் தமிழ்ப் பெண்ணைக் கண்டால் விடமாட்டேன்.

"பயப்படாத தங்கச்சி. பிள்ளைக்கு என்ன குடுத்த, எங்கிட்ட சொல்லு."

நாதியற்று நிற்கிறவர்களே, அம்மனிடம் அழுங்கள். அனுப்புவாள். நாம் கேட்ட மாதிரி ஆள் வரவில்லையே என்று மட்டும் கதவைச் சாத்திவிடாதீர்கள்.