போரை நிறுத்தக் கோரி ஒரு மனு

பெரம்பலூரில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே புங்க மரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள், பிறகு எங்களோடு சேர்த்தார்கள், அப்புறம் மறுபடியும் பிரித்தார்கள். சேர்ந்திருந்த அந்தச் சில வருஷங்களில் திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாளுக்கு திருமானூரிலிருந்தும் உடையார்பாளையத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

வருகிற மனுக்களில் பாதி வரப்புச் சண்டை. பக்கத்துக் காட்டுக்காரன் எல்லைக் கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டான், கேட்டால் அரிவாளைக் காட்டுகிறான். சொல்லும்போதே ஆளுக்கு உதடு துடிக்கும். "நானும் நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போனா என்னாங்க ஆவும்?" என்று கேட்பார்கள். "போயிட்டு வா. அப்புறம் ஒனக்கு மனு எழுத நான் வேணாம், வக்கீல்தான் வேணும்" என்பேன். அதற்காகவே எல்லா மனுவிலும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்: சட்டத்தை என் கையில் எடுத்துக்கொள்ளாமல் தங்களை நாடி வந்துள்ளேன். ஆபீஸ் கிளார்க்குகள் அந்த வரியைப் பார்த்தே என் எழுத்து என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கேலியும் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் ஊருக்குப் போனதும் அரிவாளைத் தூக்கக் கொஞ்சம் கூச்சப்படுவான் என்று நம்பினேன்.

2003 பிப்ரவரியில் டீக்கடையில் பேச்செல்லாம் இராக் பற்றித்தான். இராக்கைத் தாக்கக் குவைத்தில் வெளிநாட்டுப் படை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. தபாலில் அரசியல் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். ஐக்கிய நாடுகள் சாசனத்தில் எந்த நாடும் இன்னொரு நாட்டின் மேல் படையை ஏவக் கூடாது, ஏவுவேன் என்று மிரட்டவும் கூடாது என்று இருப்பது எனக்கு உறுப்பு, பிரிவு எண்ணோடு மனப்பாடம். பன்னிரண்டு வருஷம் முன்னால் குவைத்துக்குள் புகுந்தபோது இராக் மீறியதும் அதே விதிதான். அரைக் காணி வைத்திருக்கிற படிக்காத மனிதன் எனக்கு எதிரே அமர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கிப் போகிறான், எழுதிக் கையெழுத்துப் போட்ட பெரிய நாடுகளுக்கு அந்த அடக்கம் இல்லையா என்று போவோர் வருவோரிடமெல்லாம் கத்தினேன். வீட்டிலும் எரிந்து விழுந்தேன். "சண்டை அங்க நடக்கப் போவுது. எங்கிட்ட எதுக்குக் கத்துறீங்க?" என்று என் மனைவி தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அந்த வாரம்தான் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் புருஷன் குவைத்திலிருந்து எழுதிய கடிதம். அவர் அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் வாங்கி வைத்துக்கொண்டான். எல்லைப் பக்கம் ராணுவ முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொல்கிறான், ஊருக்குப் போகிறேன் என்றால் தரமாட்டேன் என்கிறான்.

"புள்ளைங்களோட அத்தா சண்டைக்குள்ள மாட்டிக்குவாங்கண்ணே. அதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்ட வாங்கிக் குடுத்து அனுப்பி வைக்கச் சொல்லி எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனால் பேனாவை எடுத்ததும் எனக்குள் இருந்த கோபம் முந்திக்கொண்டது. இந்த ஒரு மனுவை வைத்து உலகத்தையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

மூன்று முழுப் பக்கம் எழுதினேன். போரை நிறுத்தக் கோரும் மனு என்று பொருள் போட்டேன். சாசனத்தின் இரண்டாம் உறுப்பு, நான்காம் பிரிவு என்று எண்ணோடு எடுத்துக் காட்டினேன். ஒரு நாடு சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டால் எங்கள் ஊரில் வரப்புக்காரனுக்கு நாங்கள் எந்த முகத்தோடு புத்தி சொல்வது என்று கேட்டேன். நகல்: குடியரசுத் தலைவர், பிரதமர், ஐக்கிய நாடுகள் சபை. மூன்றாம் பக்கத்தின் அடியில், என் கணவரையும் பாதுகாப்பாக மீட்டுத் தர வேண்டும் என்று ஒரு வரி. அதற்குக் கீழே வழக்கமான என் வரி.

அவளுக்குப் படித்துக் காட்டினேன். கியூவில் நின்றவர்களும் கூடிவிட்டார்கள். பாடாலூர்க்காரர் ஒருவர், "இத அவனுவ படிக்கணும்ங்க" என்று என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாஸ்போர்ட் விசயம் எங்கண்ணே இருக்கு?"

"கடைசியில இருக்கும்மா. போரே நின்னுட்டா அவரு தானா வந்துடப் போறாரு."

அவள் மஞ்சள் பையைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் தாளைப் பாதி வெளியே எடுத்தாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். அவள் அதைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். "அல்லா பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மார்ச்சில் குண்டு போட ஆரம்பித்தார்கள். குவைத்துக்குள்ளும் ஏவுகணை விழுகிறது என்று டிவியில் காட்டினார்கள். ஒரு திங்கட்கிழமையும் தவறாமல் அவள் வந்தாள். மனு எங்கே இருக்கிறது என்று நான் உள்ளே போய்க் கேட்பேன். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போயிருக்கிறது என்பார்கள். ஏப்ரலில் பதில் வந்தது. மனுதாரரின் கோரிக்கை அரசின் வெளியுறவுக் கொள்கை சம்பந்தப்பட்டது, இவ்வலுவலகத்தின் வரம்புக்கு உட்பட்டதல்ல.

நான் அந்தத் தாளோடு உள்ளே போய்ச் சத்தம் போட்டேன். எனக்குப் பழக்கமான கிளார்க் ஒருவர் என்னைத் தனியாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

"அதே வாரம் திருமானூர்லேருந்து ஒரு பெரியவரு வந்தாரு. அவரு மவனும் குவைத்துதான், இதே கததான். அரப் பக்கம் எழுதியிருந்தாரு, பென்சில்ல. பாஸ்போர்ட் நம்பரு, கம்பெனி பேரு, அட்ரஸு. அன்னிக்கே மேல அனுப்பிட்டோம். பையன் வந்துட்டான். ஒங்க மனுவப் பாருங்க. எங்க பாஸ்போர்ட் நம்பரு?"

பார்த்தேன். மூன்று பக்கத்திலும் இருந்த எண் ஒன்றே ஒன்று. அது சாசனத்தின் எண்.

அவள் பாதி வெளியே எடுத்த ஜெராக்ஸ் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. அன்றே லெப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறினேன். வாசலில் நின்று எண்ணைக் கேட்டேன். அவள் பையை எடுத்து வந்து கொடுத்தாள். நான்கு வரியில் புது மனு எழுதினேன், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாள் தாண்டிவிட்டது. அவள் புருஷனை அதற்குள் எல்லை தாண்டி இராக்குக்குள் அனுப்பியிருந்தார்கள். ஜூன் மாதம் பாஸ்ரா ரோட்டில் எதன் மேலோ ஏறி லாரி வெடித்துக் கவிழ்ந்தது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ஊர் வந்து சேர்ந்தார்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. போகத் துணிவில்லை என்பதுதான் உண்மை. விதியை மீறியவர்கள் எங்கோ இருக்கிறார்கள், அவர்களை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் தணியவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு என்னை அவள் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டது ஒரு எண்ணை எழுதித் தர.

2006இல் ஒரு திங்கட்கிழமை, கட்டைக்கால் ஊன்றி ஒருவர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். பின்னால் அவள். பக்கத்து வீட்டுக்காரன் இவர்கள் மனையில் ஒரு முழம் உள்ளே தள்ளிச் சுவர் எழுப்புகிறான், கேட்கப் போனால் மண்வெட்டியை ஓங்குகிறான் என்றார் அவர். குரலில் என் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடினேன், தெரியவில்லை.

"நீங்க அப்ப எழுதுனத இவ பத்திரமா வச்சிருந்தா. படிச்சேண்ணே" என்றார். "எல்லாம் நெசந்தான். அங்க இருந்தவன் சொல்றேன், ஒரு வரி பொய்யில்ல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம்தான். முடிவில் என் வழக்கமான வரிக்கு வந்ததும் பேனா நகரவில்லை. சட்டத்தைக் கையில் எடுத்தவர்களால் காலை இழந்து வந்த இந்த மனிதருக்குப் போய் அதை எப்படி எழுதுவது?

"என்னண்ணே நிறுத்திட்டீங்க?"

சொன்னேன். அவர் கட்டைக்காலை நீட்டி வைத்துக்கொண்டார். "எழுதுங்க. எந் தம்பிங்க கடப்பாறையோட நிக்கிறானுவ. வேணாம்னு சொல்லிட்டுத்தான் வந்துருக்கேன். உள்ளத எழுதுறதுக்கென்ன?"

எழுதினேன். அவர் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார். அதற்குள் அவள் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பையிலிருந்து பட்டாவை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். நான் எழுதிய சர்வே எண்ணின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு முறை ஒத்துப் பார்த்தாள். அப்புறம்தான் அவரைக் கையெழுத்துப் போட விட்டாள்.