சரோஜா அக்கா எண்ணச் சொன்ன ரத்தம்

சென்ற வியாழக்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்துத் தொலைபேசி ஒலித்தது. சரோஜா அக்காவின் சின்ன மகள். "அம்மா போயிட்டாங்க, சித்தி" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அக்காவுடன் வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கெண்டை மீன்களைத் தெரியும். கருவுற்ற முட்டைகளைச் சிறிது நேரம் ஐஸ் தண்ணீரில் வைப்பார். சில குஞ்சுகளுக்கு இரண்டு குரோமோசோம் தொகுதிகளுக்குப் பதிலாக மூன்று அமைந்துவிடும். அவற்றின் சிவப்பணுக்கள் பெரியவை; எண்ணிக்கையில் குறைவு. நல்ல தண்ணீரில் வித்தியாசம் தெரியாது. புழுக்கமான விடியலில், குளத்தில் ஆக்சிஜன் குறையும்போது, முதலில் மேலே வந்து வாய் பிளப்பவை அவைதாம்.

அந்தக் குஞ்சுகளைக் குளக்காரர்களுக்குக் கொடுத்துவிட எங்கள் அதிகாரி அவசரப்பட்டார். "மீன் கொழுகொழுன்னு இருக்கு, அது போதும் லா. ரத்தத்தைப் பத்தி யாரு கேக்கப் போறா?"

"செத்து மிதந்தா கேப்பாங்க, சார்" என்றார் அக்கா.

குஞ்சுகள் வெளியே போகவில்லை. அந்த ஆண்டு அக்காவுக்குப் பதவி உயர்வும் வரவில்லை.

மீன் ரத்தத்தில் சிவப்பணுக்களை எண்ணுவதற்கு முன், அதைக் கலக்கும் கரைசல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களில் ஒருவரின் ரத்தத்தை எண்ணுவது வழக்கம். எப்போதும் அக்காதான் விரலை நீட்டுவார். ஒருநாள் எண்ணிக்கை குறைந்தது. கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தோம். அடுத்த நாளும் குறைவு. மறுபடியும் கொட்டினோம். பிறகு அவர் என் விரலைக் குத்தி எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கரைசல் நல்லாத்தான்டி இருக்கு. நான்தான் கெட்டுப் போயிட்டேன்."

எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுகொண்டிருக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜாலான் புசார் தெருவில் அவர் கணவரின் இரும்புக் கடைக்கு மேல்தான் வீடு. அக்காவின் கணவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன்; அவர் என்னைப் படிக்கட்டிலேயே நிறுத்தினார். "ரத்தம் கூடியிருக்குன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கோம். நீயும் அப்படியே சொல்லும்மா."

மாடியில் அக்கா விரலை நீட்டினார். "நீ எண்ணிட்டு வந்து சொல்லு. இவங்க சொல்றது எனக்கு வேணாம்."

மறுநாள் போய்ச் சொன்னேன். முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை.

அவர் அழவில்லை. "சின்னவ தீபாவளிக்கு வர்றேன்னு இருக்கா. அதுவரைக்கும் நான் தாங்க மாட்டேன். அவளுக்கு ஈப்போவுக்குத் தந்தி அடி. உடம்பு சரியில்லைன்னு போடாத, பயப்படுவா. உடனே வான்னு மட்டும் போடு."

மகள் வந்தாள். அம்மாவுக்குத் தலைவாரி விட்டாள், கஞ்சி ஊட்டினாள். கடைசி மூச்சு அவள் மடியில்தான் போனது.

துக்க வீட்டில் அண்ணன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தச் சில நாள்களாவது மனைவி நம்பிக்கையோடு இருக்கட்டும் என்று நினைத்தவர் அவர். நான் அதைப் பறித்துவிட்டேன். ஆனால் பாதிகூட இல்லை என்று கேட்ட மறுகணம் மகளை வரச் சொன்ன அந்தக் குரல்தான் அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது.