ஜன்னலைச் சாத்துங்கடி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு ‘ரத்தக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊசி இறங்கியதே தெரியாது, அப்படி ஒரு கை. ஒரே ஒரு விசித்திரம்: எதைச் சொன்னாலும் பதில் வாங்காமல் விடமாட்டாள். கையை நீட்டச் சொல்வாள். நீட்டிய பிறகும், “கேட்டுச்சா?” என்பாள்.

“காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயே, நீ ரத்தத்தை எடு!” என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். காரணம் கட்டின புருஷனுக்கே தெரியாது.

ஆறாம் வகுப்பில் நடந்தது. வகுப்பையே ஆட்டிப்படைத்த ஒருத்திக்குத் திடீரென்று ஒரு விளையாட்டு தோன்றியது. இவள் செத்துப்போய்விட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இவள் வாயைத் திறந்தால், “ஜன்னலைச் சாத்துங்கடி, காத்தடிக்குது” என்பார்கள். இவள் மடிமேலேயே பையை வைத்துவிட்டுப் போவார்கள். அடியில்லை, கிள்ளலில்லை, டீச்சரிடம் என்னவென்று சொல்வது? போகப்போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கழிவறைக் கண்ணாடி முன்னால் போய் நிற்பாள், உருவம் தெரிகிறதா என்று.

அப்பாவுக்கு வேலை மாற்றலாகி வேறு பள்ளிக்குப் போனதும் அது விட்டது. விட்டது என்றா சொல்வது? இப்போதும் பஸ்ஸில் வழி கேட்டு யாரும் திரும்பாவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தைத் தேடுவாள்.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் மகளைக் கூட்டிவந்தார். “ஸ்கூல்னாலே வயித்துவலிங்கிறா. எந்த டெஸ்ட் எடுத்தாலும் ஒண்ணுமில்லன்னு வருது. நடிக்கிறாளோன்னு இருக்குங்க.”

ரத்தக்கா ரப்பர் பட்டையைக் கட்டினாள். “வலிக்காது கண்ணு. கேட்டுச்சா?”

சிறுமி விருட்டென்று நிமிர்ந்தாள். “என்கிட்டயா பேசுறீங்க?”

அந்த அறையில் வேறு குழந்தையே இல்லை.

ரத்தக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். “கிளாஸ்ல யாரும் உன்கூடப் பேசுறதில்லையா?”

பதிலுக்குக் கண்ணீர்தான் பொலபொலவென்று கொட்டியது.

“அடிச்சாங்களாம்மா?” அப்பா பதறினார்.

“யாரும் ஒண்ணும் பண்ணலப்பா.”

“அதைத்தாங்க பண்றாங்க,” என்றாள் ரத்தக்கா. பிறகு, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் ஆறாம் வகுப்புக் கதையை வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் டிரைவர் லாரியை எடுக்காமல் பள்ளிக்குப் போனார். பிள்ளைகள் விளையாட்டு என்று டீச்சர்கள் தட்டிக்கழித்துப் பார்த்தார்கள், அவர் நகரவில்லை. கடைசியில் வகுப்பு டீச்சர் சிறுமியை வேறு பெஞ்சுக்கு மாற்றினார். அந்த பெஞ்சுக்காரி, பயந்துகொண்டுதான் தானும் பேசாமல் இருந்ததாகச் சொல்லி அழுதாளாம். இப்போது இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். மற்றவர்கள் இன்னும் மசியவில்லை. “ஒருத்தி இருக்காளே, அது போதுங்கிறா,” என்றார் டிரைவர் போனில்.

போன் வந்த அன்று மாலை ரத்தக்கா புருஷனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டான்.

“இப்போ ரோட்டுல பார்த்தா அவங்களை அடையாளம் தெரியுமா?”

“முகம் தெரியாதுங்க. யாரு திரும்பிப் பார்த்தா?” என்றாள். “முதுகைக் காட்டுங்க, ஒவ்வொருத்தியா சொல்லிடுவேன்.”